சிகரெட் ஐந்தாகக் குறைந்துவிட்டது, மின் சிகரெட்டைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. 22 வயதில் பழகிய சிகரெட், தினமும் பதினைந்து வரை போய்க்கொண்டிருந்தது. பாரிஸில் குடியிருக்கும் என் சித்தப்பா மகன் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தபோது, "அண்ணா, நான் இதைப் பிடித்துத்தான் சிகரெட்டை விட்டேன்" என்று பேனா போன்ற ஒரு மின் சிகரெட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். சிகரெட் ஐந்தாகக் குறைந்துவிட்டது, காலை இருமலும் இல்லை. நெருப்பு இல்லை என்பதால் வேலை நேரத்திலும் கழிவறைக்குப் போய் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்கிறேன். தம்பி தந்த திரவம் தீர்ந்த பிறகு, புதுச்சேரியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் வாங்குகிறேன். போன வாரம், பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகனின் பையில் பென் டிரைவ் போன்ற ஒரு மின் சிகரெட்டை என் மனைவி பார்த்துவிட்டாள். கேட்டால், "இது சிகரெட் இல்லை என்று அப்பாவே சொன்னாரே" என்கிறான். வீட்டில் நிம்மதி போய்விட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மின் சிகரெட் சிகரெட்டைவிட நல்லதா, கெட்டதா? தொடரலாமா? தம்பி பொங்கலுக்கு வரும்போது திரவம் வாங்கி வரச் சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நீங்கள் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சிகரெட்டோடு ஒப்பிட்டால் மின் சிகரெட் கேடு குறைந்ததுதான். ஆனாலும் நீங்கள் அதைத் தொடர வேண்டாம். இந்த இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று கேட்பீர்கள். பொருந்தும். அதை விளக்குவதற்காகவே இந்தப் பதில் கொஞ்சம் நீள்கிறது.

சிகரெட்டில் ஆளைப் பிடித்துவைப்பது நிக்கோட்டின். ஆளைக் கொல்வது புகை. நீங்கள் ஓர் இழுப்பு இழுக்கும்போது சிகரெட்டின் கனல் முனை சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டில் புகையிலை எரிந்து 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் உண்டாகின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தார் மூச்சுக்குழாய்களில் படிகிறது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மின் சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. பேட்டரியால் சூடாகும் ஒரு சிறு கம்பிச்சுருள், புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள் ஆகியவை கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது. தார் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. தினமும் பத்து சிகரெட்டின் புகை உள்ளே போகாமல் நின்றிருக்கிறது. அதனால் உங்கள் காலை இருமல் நின்றதில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-இல், புகைப்பதைவிட மின் சிகரெட் 95 சதவீதம் கேடு குறைந்தது என்று அறிவித்தது. அந்த எண் ஒரு நிபுணர் குழுவின் மதிப்பீடுதானே தவிர, அளந்து கண்டது அல்ல என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அதைவிட உறுதியான சான்று 2019-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு. சிகரெட்டை விட விரும்பிய 886 பேரில் ஒரு பாதியினருக்கு மின் சிகரெட், மறுபாதியினருக்கு நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் போன்றவை தரப்பட்டன. இரு தரப்புக்கும் வாராவாரம் ஆலோசனையும் உண்டு. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மின் சிகரெட் தரப்பில் 18 சதவீதம் பேரும் மற்றத் தரப்பில் 9.9 சதவீதம் பேரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். ஆகவே உங்கள் தம்பி பாரிஸில் இதைக் கொண்டு விட்டேன் என்று சொல்வதை நான் நம்புகிறேன். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மின் சிகரெட்டால் வெற்றி பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் மின் சிகரெட்டை விடவில்லை. சூயிங்கம், பேட்ச் தரப்பில் வெற்றி பெற்றவர்களில் 9 சதவீதம் பேர்தான் ஓராண்டுக்குப் பிறகும் அவற்றைத் தொடர்ந்தார்கள்.

இனி உங்கள் கதைக்கு வருவோம். தம்பி சிகரெட்டை முழுவதுமாக விட்டுவிட்டு மாறினார். நீங்கள் ஐந்து சிகரெட்டை வைத்துக்கொண்டு கூடவே மின் சிகரெட்டையும் சேர்த்துக்கொண்டீர்கள். மருத்துவத்தில் இதை இரட்டைப் பழக்கம் என்போம். பதினைந்து ஐந்தாகிவிட்டது, ஆபத்தும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு ஓரளவு சரி. இதயத்துக்கு அது செல்லாது. 141 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தினமும் இருபது சிகரெட் பிடிக்கும் ஆணுக்குக் கூடுதலாக வரும் மாரடைப்பு அபாயத்தில் கிட்டத்தட்டப் பாதி, தினமும் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் உண்டு என்று அது சொன்னது. ஒரே ஒரு சிகரெட்டுக்கு! ரத்தத்தை உறையத் தூண்டவும் ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கவும் கொஞ்சம் புகையே போதும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் 48 வயதுக்காரரான உங்களைப் பற்றி எனக்கு முதலில் வரும் கவலை இந்த ஐந்தைப் பற்றியதுதான். மின் சிகரெட் அடுத்துத்தான்.

எங்கள் சிகிச்சைப் பிரிவில் கையடக்கமான ஒரு கருவி இருக்கிறது. மூச்சைப் பதினைந்து விநாடி அடக்கி, பிறகு ஓர் அட்டைக் குழாய் வழியாக மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று திரையில் எண் ஏறும். பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று மகிழ்ச்சியோடு வருபவர் ஊதும்போது, எண் பாதியாக இறங்கியிருக்கும் என்று அவரும் எதிர்பார்ப்பார், பக்கத்தில் நிற்கும் மனைவியும் எதிர்பார்ப்பார். பல நேரம் அப்படி இறங்குவதில்லை. எண்ணிக்கை குறைந்ததும், மிச்சமிருக்கும் ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாக, அடி வரை, புகையை உள்ளே நிறுத்தி இழுக்கிறோம். உடல் தனக்குப் பழகிய நிக்கோட்டினைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. சிகரெட்டை முழுவதுமாக நிறுத்தியவருக்கோ, ஓரிரு நாளிலேயே அந்த எண் புகைக்காதவரின் அளவுக்கு வந்துவிடுகிறது. திரையைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை ஊதிக் காட்டட்டுமா என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சி உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்தது, நீங்கள் இப்போது இழுக்கும் திரவம். தம்பி கொண்டுவந்தது பிரான்சில் சட்டப்படி விற்றதாக இருந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது. புட்டியில் என்ன இருக்கிறது என்று அரசுக்குத் தெரிவித்த பிறகே விற்க முடியும். தெரிந்தவர் மூலம் வரும் திரவத்துக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. கள்ளத்தனமாக வரும் பொருள்களின் உறையில் 5 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று அர்த்தம். பத்து மில்லிலிட்டர் என்றால் 500 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் சேரும் நிக்கோட்டின் ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். இவற்றில் நிக்கோட்டின் பெரும்பாலும் உப்பு வடிவத்தில் இருப்பதால் தொண்டையைக் காறுவதில்லை, எவ்வளவு இழுத்தோம் என்று நமக்கே தெரிவதில்லை. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, அடிக்கட்டை வந்ததும் தூக்கி எறிகிறோம். இதற்கு அந்த முடிவும் இல்லை.

2019-இல் அமெரிக்காவில் நடந்தது நினைவிருக்கலாம். மின் சிகரெட் பிடித்த இளைஞர்கள் திடீரென்று மூச்சு விட முடியாமல் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவற்றுக்குக் காரணம், கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சா சார்ந்த திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள். கடையில் விற்ற சாதாரண நிக்கோட்டின் திரவத்தை அதற்குக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் யார் கலந்தது, எங்கே அடைத்தது என்று தெரியாத புட்டியை நுரையீரலுக்குள் விடுவதன் விலை என்ன என்பதை அந்த மரணங்கள் காட்டின. நீங்கள் இப்போது வாங்குவதும் அப்படிப்பட்ட புட்டியைத்தான்.

சட்டப்படி விற்கும் திரவமானாலும் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். கம்பிச்சுருள் அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் உண்டாகின்றன. நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவற்றின் துகள்களும் ஆவியில் கண்டறியப்பட்டிருக்கின்றன. மாம்பழ வாசனையும் புதினா வாசனையும் சாப்பிடுவதற்குப் பாதுகாப்பானவை என்று சோதிக்கப்பட்டவையாக இருக்கலாம், சூடாக்கி மூச்சில் இழுப்பது வேறு விஷயம். இப்போதைய வடிவிலான மின் சிகரெட்டைச் சீன மருந்தாளுநர் ஹான் லிக் உருவாக்கியது 2003-இல். சிகரெட்டால் வரும் நுரையீரல் புற்றுநோய் தலைகாட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். முப்பது ஆண்டு மின் சிகரெட் பிடித்த தலைமுறை உலகில் இன்னும் உருவாகவே இல்லை.

கழிவறையில் இரண்டு இழுப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் பதறிப்போனேன். தீப்பெட்டியும் கைபேசியும் உள்ளே வரக் கூடாது என்று கேட்டிலேயே தடுக்கும் தொழிற்சாலைகள் நம் சிப்காட்டில் இருக்கின்றன. கரைப்பான்களின் ஆவி உலவும் இடத்தில் ஒரு சிறு பொறியே போதும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மின் சிகரெட்டுக்குள் லித்தியம் பேட்டரியும் செஞ்சூட்டுக்குப் போகக்கூடிய கம்பிச்சுருளும் இருக்கின்றன. பேட்டரி கெட்டால் அது தானாகவே தீப்பற்றும். நெருப்பு இல்லை என்று நீங்கள் நினைப்பது தவறு. இந்தப் பதிலில் வேறு எதை ஏற்கிறீர்களோ இல்லையோ, நாளை ஷிப்டுக்குப் போகும்போது அதைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். உங்கள் உயிர் மட்டும் அங்கே இல்லை.

தம்பியிடம் திரவம் வாங்கி வரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மின் சிகரெட் தடைச் சட்டம் 2019-இல் வந்தது. முதலில் செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் தனக்காக இழுப்பதற்கென்று தனித் தண்டனையை அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் பாரிஸிலிருந்து புட்டிகளைக் கொண்டுவருவது இறக்குமதிக்குள் வருகிறது. பொங்கலுக்கு வரும் தம்பியை விமான நிலையச் சுங்கத்தில் நிறுத்தாதீர்கள், வாங்கி வர வேண்டாம் என்று இன்றே செய்தி அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, மதுவுக்குப் புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று பழகிய ஊர்க்காரர்கள் நாம். மின் சிகரெட்டுக்கு அப்படி இல்லை. இது மத்தியச் சட்டம், கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒன்றுதான்.

மூலைக்கு மூலை சிகரெட் விற்கும் நாட்டில் அதைவிடக் கேடு குறைந்ததைத் தடை செய்வது என்ன நியாயம் என்று நோயாளிகள் என்னிடம் சண்டைக்கே வருகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்குப் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் புகையிலை எடுக்கிறது. அதன் விற்பனையை இவ்வளவு எளிதாக விட்டுவைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் தீர்வு மின் சிகரெட்டைத் திறந்துவிடுவது என்று நான் நினைக்கவில்லை. 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பெரியவர்களில் சிகரெட் பிடிப்போர் 4 சதவீதம், பீடி பிடிப்போர் 7.7 சதவீதம், மெல்லும் புகையிலை, குட்கா போன்றவற்றைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். கடலூர் முதுநகர்ப் பக்கமிருந்தும் பாகூர்ப் பக்கமிருந்தும் என்னிடம் வருபவர்களில் பலர் பீடிக்காரர்களும் புகையிலை அடக்குபவர்களும்தான். அவர்கள் யாரும் விலை கொடுத்து மின் சிகரெட்டுக்கு மாறப்போவதில்லை. மாம்பழ வாசனைக்கு மயங்கி வருவது அவர்களின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பிரான்சும் இங்கிலாந்துமே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் மின் சிகரெட்டுகளை 2025-இல் தடை செய்துவிட்டன. பிள்ளைகள் கையில் அவை போய்ச் சேர்ந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சரி, என்ன செய்யலாம்? உங்களுக்கு வேண்டியது புகையில்லாத நிக்கோட்டின், கொஞ்ச காலத்துக்கு. அது சட்டப்படியே மருந்துக் கடையில் கிடைக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கமும் பேட்ச்சும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009-இலேயே சேர்ந்துவிட்டன. உங்களைப் போல நீண்டகாலம் பிடித்தவருக்கு இரண்டையும் சேர்த்துத் தருவது ஒன்றை மட்டும் தருவதைவிடப் பயன் தரும். பேட்ச் நாள் முழுவதும் சீராக நிக்கோட்டினைக் கசியவிட்டு அடித்தளம் போடுகிறது. திடீரென்று எழும் தவிப்பைச் சூயிங்கம் பார்த்துக்கொள்கிறது.

பேட்ச்சின் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். 21, 14, 7 மில்லிகிராம் என மூன்று அளவுகள் உண்டு. பெரியதில் தொடங்கி வாரக்கணக்கில் இறக்கிக்கொண்டே வருவோம். ஷிப்ட் வேலை என்பதால் உங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. காலையில் ஒட்டு, இரவில் கழற்று என்று உறையில் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். எந்த நேரமானாலும் தூங்கி எழுந்ததும் ஒட்டுங்கள், கனவும் தூக்கக் குலைவும் தொல்லை கொடுத்தால் படுக்கும் முன் கழற்றிவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது நழுவி விழும். குளித்துத் துவட்டி வியர்வை ஆறிய பிறகு, முடி இல்லாத மேல்கையிலோ மார்பின் மேற்பகுதியிலோ வைத்துப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மறுநாள் வேறு இடம்.

சூயிங்கத்தை ஏறக்குறைய எல்லோருமே தவறாகத்தான் மெல்லுகிறார்கள். சாதாரணச் சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், மூளைக்குக் கொஞ்சம்தான் போகும். "டாக்டர், அது எனக்கு ஒத்துவரவில்லை" என்பவர்களை என் எதிரிலேயே ஒன்றை வாயில் போடச் சொல்வேன். காரணம் உடனே தெரிந்துவிடும். நான்கைந்து கடி மெதுவாக மெல்லுங்கள். மிளகுக் காரம் போல ஒரு சுருக்கென்ற உணர்வு வந்ததும் நிறுத்திவிட்டு, வெற்றிலை அடக்குவது போலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கும். மறுபடி நான்கைந்து கடி, இம்முறை மறுகன்னம். இப்படி அரை மணி நேரம். முதல் வாரங்களில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடலாம், தவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம். டீ, காபி, எலுமிச்சைச் சாறு குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாயின் புளிப்புத்தன்மை நிக்கோட்டினை ஈறு வழியே ஏற விடாது. தூங்கி எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்றால் 4 மில்லிகிராம் தேவைப்படும், அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே கிடைக்கும்.

இவை போதாவிட்டால் மாத்திரைகள் இருக்கின்றன. வரெனிக்லின் என்ற மாத்திரை, மூளையில் நிக்கோட்டின் போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்து தவிப்பைத் தணிக்கும். சிகரெட்டை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். குமட்டலும் தெளிவான கனவுகளும் வரலாம். சிறுநீரகக் குறை இருந்தால் அளவைக் குறைப்போம். புப்ரோபியான் என்று இன்னொன்று உண்டு. வலிப்பு வந்தவர்களுக்கு அது கூடாது, சிலருக்கு ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதனால் உங்களுக்கு என் முதல் தேர்வு அது அல்ல.

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்கு வரலாம். கடலூர் என்றால் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசுத் தலைமை மருத்துவமனையில் புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கு உதவி வேண்டும் என்று கேளுங்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். முன்பின் தெரியாதவரிடம் போனில் என்ன பேசுவது என்று பலர் தயங்குகிறார்கள். பேசிப் பார்த்தவர்கள் தயங்குவதில்லை. மருத்துவமனைக்கு வரும்போது நெஞ்சு எக்ஸ்ரேயும், மூச்சுக் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் செய்துகொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தவருக்கு இருமல் நின்றுவிட்டது என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரண்டு வாரம் தாண்டிய இருமல் இவற்றில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும்.

நிறுத்தும் தேதியை நீங்களே குறியுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் வேண்டாம். அன்றிலிருந்து ஐந்து என்பது இரண்டாகவோ ஒன்றாகவோ அல்ல, இல்லவே இல்லை என்று ஆக வேண்டும். மின் சிகரெட்டையும் அதே நாளில் நிறுத்துங்கள், அதன் நிக்கோட்டினையும் பேட்ச் ஈடுகட்டும். முதல் மூன்று நாள் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல், சாப்பாட்டின் மேல் அதிக ஆசை எல்லாம் வரும், மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். இருமல் சிறிது காலம் கூடக்கூடும், மூச்சுக்குழாய் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதால் வருவது அது. காபியைப் பாதியாகக் குறையுங்கள். சிகரெட் புகை, காபியின் கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்துவந்தது. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் காபி நான்கு டம்ளர் குடித்த படபடப்பைத் தரும். அந்தப் படபடப்பைச் சிகரெட் தவிப்பு என்று நினைத்துத் திரும்பப் பற்றவைத்தவர்கள் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நண்பர்களோடு நிற்பதை முதல் மாதம் விட்டுவிடுங்கள், பஸ் ஏறி வீட்டுக்கு வந்து டீ குடியுங்கள். ஐம்பது வயதுவாக்கில் விட்டவர்கள் சராசரியாக ஆறு ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-இல் சொன்னது. உங்கள் மகன் தலையெடுத்து நிற்பதைப் பார்க்க அந்த ஆறு ஆண்டுகள் வேண்டாமா?

மகனைப் பற்றி எழுதத்தான் எனக்கு நேரம் பிடித்தது. உங்களுக்குச் சொன்ன எதுவும் அவனுக்குப் பொருந்தாது. சிகரெட் பிடிப்பவர் மாறும்போதுதான் கேடு குறைந்தது என்ற பேச்சுக்கே இடம் இருக்கிறது. சிகரெட்டே தொடாத பையனுக்குக் குறைவதற்கு என்ன இருக்கிறது? கூடுவது மட்டும்தான். மூளை இருபத்தைந்து வயதுவாக்கு வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் நிக்கோட்டின் வேகமாக வேரூன்றும், கவனத்தையும் மனநிலையையும் கெடுக்கும். இதை அவனிடம் இப்படியே சொல்லுங்கள். அப்பா முன்பு சொன்னது பாதிதான், இதுதான் முழுவதும் என்று நேராகச் சொன்னால் அவனுக்குப் புரியும். அடிக்க வேண்டாம், பள்ளியில் போய் அவமானப்படுத்தவும் வேண்டாம். எத்தனை நாளாக, ஒரு நாளில் எத்தனை முறை, காலையில் எழுந்ததும் தேடுகிறானா, யார் தருகிறார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் துணைவியார் கேட்டால் அவன் இன்னும் மனம் விட்டுப் பேசக்கூடும். எழுந்ததும் தேடுகிறான், இல்லாவிட்டால் எரிந்து விழுகிறான் என்றால் பழக்கம் பிடித்துவிட்டது, அழைத்து வாருங்கள். உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனிடம் தனியாகப் பேசுவேன், அதற்கு நீங்கள் வருத்தப்படக் கூடாது. உங்கள் சூயிங்கத்தை அவனுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். விற்றவனைப் பற்றிக் காவல்துறையில் புகார் தரலாம். அந்தச் சட்டம் தண்டிக்க வந்தது விற்பவனைத்தான், வாங்கிய பிள்ளையை அல்ல.

வீட்டில் மிச்சமிருக்கும் திரவப் புட்டியை இறுக மூடி, உயரத்தில் பூட்டி வையுங்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே ஏறும், கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிறு குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து, பொங்கலுக்கு உறவினர் வீட்டுக் குழந்தைகள் வருவார்கள். கழிவு நீரில் ஊற்றாமல் மருத்துவமனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள், என்ன செய்வது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். கருவியின் பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

விட்ட பிறகு ஏதோ ஒரு கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது? பலருக்கும் நடப்பதுதான். பேட்ச்சைக் கழற்ற வேண்டாம், ஒட்டியபடியே இருக்கட்டும். பெட்டியாக வாங்காதீர்கள், கையில் மிச்சம் இருந்தால் நனைத்து எறிந்துவிடுங்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்து மறுநாளைக்கும் நீட்டிப்பதில்தான் பழையபடி பதினைந்துக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலை உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது அந்த வாரமே மருத்துவமனைக்கு வாருங்கள். மருந்தின் அளவு போதாமல் இருந்திருக்கலாம், மாற்றித் தருவோம்.